டைனோசர் முதுகில் ஒரு முகூர்த்தம்

“சுபமுகூர்த்த சுபதினத்தில்…” என்று கோமதி டைனோசரின் முதுகிலிருந்து சத்தமாகப் படித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. இரும்புலியூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஊறுகாய் பாட்டிலுக்கும் தண்ணீர் ஜக்குக்கும் நடுவில், நான் நாலு நாளாகச் செய்துகொண்டிருந்த காகித மிருகம் நின்றது. முதுகு நெடுகப் பதினேழு தகடுகள். இன்னும் வண்ணம் பூசவில்லை. ஜன்னல் வெயிலில் அத்தனை தகடும் கிளிஞ்சலின் உட்புறம் மாதிரி மினுமினுத்தன. நான் அதைப் பார்த்து மயங்கி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கையில் காபி டம்ளரோடு இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

“‘பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு…’ இது கழுத்துல இருக்கு. ‘சுற்றமும் நட்பும் சூழ…’ இது வாலுல.”

“எல்லாப் பத்திரிகையிலயும் அதான் போட்டிருக்கும்” என்றேன், கத்தரிக்கோலைத் துடைத்தபடி.

“தெரியும். ஆனா எல்லாப் பத்திரிகையிலயும் எங்க அண்ணன் பேரு போட்டிருக்காது.”

டம்ளர் மேஜையில் இறங்கிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“என்னங்க… கல்யாணம் நாளன்னிக்கு.”

பாதி மிருகங்கள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். புதிதாக வந்து மாட்டிக்கொண்டவர்களுக்காகச் சொல்கிறேன். நான் டைனோசர் வரைகிறவன். காகிதத்தில் டைனோசர் செய்கிறவன். இதற்காக எந்தப் படிப்பும் படிக்கவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஆரம்பித்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். அப்போது எனக்குப் பல்லாவரத்தில்தான் ஆபீஸ். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சந்தைக்குள் புகுந்தால் பழைய மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, புறா, ரோஜாக் கன்று எல்லாம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய மிருகப் புத்தகம். வலது பக்கம் முழுக்கக் கரையான் தின்றிருந்தது. அதாவது அந்தப் புத்தகத்தில் எல்லா டைனோசருக்கும் தலை உண்டு, முன்னங்கால் உண்டு, வால் மட்டும் இல்லை.

வாலை நான் போட்டேன். என் முதல் வருஷத்து மிருகங்கள் எல்லாம் முன்னால் கம்பீரமாகவும், பின்னால் எங்கள் தெரு நாய் மாதிரியும் இருக்கும்.

ஆபீஸில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரைந்தேன். ஒருமுறை என் விடுப்பு விண்ணப்பத்தின் பின்பக்கம் ஒரு டைரனோசாரஸ் போய்விட்டது. மேலாளர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது நானா?” என்று கேட்டார். இல்லை சார் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. விடுப்பு கிடைக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வருவது வேறு. சாயங்காலம் தாம்பரம் ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், விமானம் ஒன்று மலை மேல் தாழ்ந்து இறங்கும். சக்கரத்தை நீட்டிக்கொண்டு, வெளிச்சத்தை அசைத்துக்கொண்டு. அந்த நிமிஷம் எனக்கு அது விமானம் இல்லை. பல்லாவரத்துப் பாறையில் குஞ்சுக்கு மீன் கொண்டுவரும் ஏதோ ஒரு பெரிய தோல் சிறகு. காலையில் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நடக்கப் போனால், மார்கழிப் பனியில் எதிர்க்கரை தெரியாது. பனிக்குள் ஒரு நீண்ட கழுத்து நிதானமாகக் குனிந்து தண்ணீர் குடிப்பது போல இருக்கும். பனி கலைந்தால் மின்கம்பம். நான் பனி கலைவதற்குள் திரும்பி வந்துவிடுவேன்.

விரல் படிக்கும் காகிதம்

வரைந்தது போதாமல் செய்ய ஆரம்பித்தேன். செய்வதற்கு அட்டை வேண்டும். கடையில் விற்கும் அட்டை வளைத்தால் முறியும். காலண்டர் அட்டை முரடு. எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், டைனோசர் தோலுக்காகவே உலகத்தில் தயாராகும் அட்டை ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை.

தையிலிருந்து ஆனி வரை எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகைகளை வைத்து ஒரு மந்தையே செய்யலாம். கல்யாணம் முடிந்ததும் கோமதி அவற்றை ஒரு பழைய சூட்கேஸில் போடுவாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம். பிள்ளையார் படம் போட்ட மேலட்டையில் கத்தரிக்கோல் படக் கூடாது. உள்ளட்டை எனக்கு. இருபது வருஷமாக இந்த ஒப்பந்தம் மீறப்படவில்லை.

நான் பத்திரிகையைப் படிப்பதில்லை. கண்ணாடி தேடும் சோம்பல் ஒரு காரணம். இன்னொன்று, அட்டையைத் தேர்ந்தெடுப்பது விரல்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினால் கனம் தெரியும், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். அப்புறம் எழுத்து இல்லாத பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து வெட்டிவிடுவேன். எழுத்துப் பக்கத்தில் வண்ணம் நன்றாக ஒட்டும், அதனால் அது வெளியே. எழுத்தை நான் பார்ப்பதே வண்ணம் பூசும்போதுதான். யாருடைய மகனுக்கு யாருடைய மகளோ, என் தூரிகைக்கடியில் மெதுவாகக் காட்டுப் பச்சையாகிப் போவார்கள்.

அந்த முறை நான் எடுத்துக்கொண்டது திராவிடோசாரஸ். சிரிக்காதீர்கள், அப்படியே ஒரு பெயர் உண்டு. அரியலூர்ப் பக்கம் கிடைத்த கொஞ்சம் எலும்பை வைத்து, முதுகில் தகடு வைத்த டைனோசர் நம் ஊரிலும் இருந்தது என்றார்கள். அப்புறம் வேறு சிலர் வந்து, “அது டைனோசரே இல்லை, கடலில் நீந்தியது” என்றார்கள். முதல் கட்சி விடவில்லை. எட்டொன்பது கோடி வருஷம் கழிந்தும் நீ யார் என்ற தகராறு தீராத ஜீவன்! அதை என் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் வைக்காமல் வேறு எதை வைப்பேன்? தகடுகள் இடுப்புக்கு மேலே பெரிதாகவும், கழுத்துப் பக்கம் சின்னதாகவும் இருக்க வேண்டும் என்பது இதன் உறவுக்கார மிருகங்களைப் பார்த்து நான் தெரிந்துகொண்ட விதி. இந்த மாதிரி விஷயத்தில் நான் ரொம்பக் கறார். கோமதி இதை ‘அப்பளம் நட்ட மாடு’ என்பாள்.

என் வாயும் என் மச்சானும்

கோமதியின் அண்ணன் தனபால், என் மச்சான், சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறார். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர். வாழ்நாள் ஆசையாக ஒரு வீடு கட்டினார். முகப்பில் நாலு தூண், நடுவில் அகலப் படிக்கட்டு, இரண்டு பக்கமும் கம்பி போட்ட ஜன்னல்.

புதுமனை புகுவிழா அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

“மச்சான், அச்சு அசல் ரிஜிஸ்டர் ஆபீஸ்! டோக்கன் எந்த ஜன்னல்ல தராங்க?”

கூட்டம் சிரித்தது. கூட்டம் சிரித்தால் எனக்குப் போதை ஏறும். “வில்லங்கச் சான்றிதழ் மாடியிலயா?” என்று இன்னொன்றும் போட்டேன். அன்றிலிருந்து சொந்தத்தில் அந்த வீட்டுக்குப் பெயரே ரிஜிஸ்டர் ஆபீஸ் ஆகிவிட்டது. “ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரிக்கும் அளவுக்கு.

மச்சான் சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். என்னோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. தங்கையோடும் நிறுத்தினார். ஆறு வருஷம். பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. கோமதி என்னைத் திட்டவும் இல்லை. பொங்கல் அன்று வாசல் கேட்டை மட்டும் இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு உள்ளே போவாள். அதற்குப் பேசாமல் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பத்திரிகையோடு வந்து நின்றார். மகள் நிவேதாவுக்குக் கல்யாணம்.

முதல் நாளே ஃபோனில் சொல்லியிருந்ததால் கோமதி எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். “‘வாங்க மச்சான்’, ‘சரிங்க மச்சான்’. ரெண்டே வார்த்தை. மூணாவது வார்த்தை வந்துச்சு, நான் அண்ணனோடயே கிளம்பிப் போயிடுவேன்.”

“வாங்க மச்சான்” என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். “வாட்ஸ்அப்ல அனுப்பலாம்னாங்க பசங்க. என் தங்கச்சிக்கு நான் கையில குடுக்காம யாருக்குக் குடுப்பேன்?” என்று அவளிடம் தட்டை நீட்டினார். “நீ வந்து விளக்கேத்தணும்மா கோமு. அத்தை ஏத்தினாத்தான் என் பொண்ணு மணையில உக்காரும்.”

கோமதி அழ ஆரம்பித்துவிட்டாள். மச்சான் மண்டபம், நேரம், வழி எல்லாம் சொன்னார். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நானோ வாயைக் காவல் காப்பதில் மும்முரமாக இருந்ததால் காதுப் பக்கம் ஆளே போடவில்லை. “சரிங்க மச்சான்” என்றேன்.

மேலட்டையில் தேதியைப் பார்த்ததோடு சரி, பத்திரிகை சாமி அலமாரியில் போய் உட்கார்ந்தது. ஒரு வாரம் பத்திரமாக இருந்தது. திங்கட்கிழமை கோமதி அலமாரியைத் துடைப்பதற்காக அதைக் கொஞ்ச நேரம் மேஜை மேல் வைத்திருக்கிறாள். மேஜை மேல் அப்போது என் சூட்கேஸ் திறந்திருந்தது. என் விரல்களுக்கு ஒரு அட்டை கிடைத்தது. ஆகா, என்ன கனம், என்ன நார்! நான் வெட்டும்போது ஒரு மூலையில் மஞ்சள் கறை கூட இருந்தது. இயற்கையாகவே நல்ல நிறம் வந்திருக்கிறதே என்று அந்தத் துண்டை வால் நுனிக்கு ஒதுக்கினேன்.

அது மச்சான் வீட்டில் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் தடவிய மஞ்சள்.

எலும்பிலிருந்து மிருகம்

ஆக, அந்த வெள்ளிக்கிழமை காலை.

“தாலி கட்டுறதுக்கு முன்னாடி கத்தரிக்கோல் பட்டிருக்கு” என்றாள் கோமதி. “அண்ணனுக்குத் தெரிஞ்சா இந்த ஜென்மத்துக்கு வாசப்படி மிதிக்க மாட்டாரு.”

“தெரியாது. எப்படித் தெரியும்? போவோம், விளக்கேத்துவோம், சாப்பிடுவோம்.”

“எங்க போவீங்க? மண்டபம் எது?”

அதுதான் கேள்வி. உள்ளட்டை இல்லாமலே அலமாரிக்குத் திரும்பியிருந்த மேலட்டையில் பிள்ளையார் சிரித்துக்கொண்டிருந்தார். அதில் மணமக்கள் பெயரும் தேதியும் மட்டும்தான். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது என்று ஒரு தகடு சொன்னது. இடம் எங்கே என்று தேடினோம். என் பூதக்கண்ணாடியை அவள் பிடுங்கிக்கொண்டாள். கழுத்திலிருந்து வால் வரை இரண்டு பேரும் ஒரு காகித மிருகத்தை மாறி மாறிப் படித்தோம். ஆராய்ச்சிக்காரர்கள் பாலைவனத்தில் செய்வதை நாங்கள் ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் செய்தோம்.

பன்னிரண்டாவது தகட்டில், “மகால், ஜி.எஸ்.டி. ரோடு.” அதற்கடுத்ததில், “பெட்ரோல் பங்க் எதிரில்.” என்ன மகால், எந்த ஊர் என்பது நடுவில் வெட்டிக் கழித்த துண்டில் போயிருந்தது. துண்டு செவ்வாய்க்கிழமையே குப்பை வண்டியில் போயிருந்தது.

“அண்ணனுக்கு ஃபோன் பண்ணிக் கேளேன்.”

“என்னன்னு? நீ கையில குடுத்ததைத் தொலைச்சிட்டோம்னா?”

ஒன்றுவிட்ட அக்கா ஒருத்திக்கு ஃபோன் போட்டு நைசாக விசாரித்தாள். “கல்யாணத்துக்கு எப்படிக்கா போறீங்க?” அக்கா சொன்னாள்: “வேன் வைச்சிருக்கோம்டி. எங்கன்னு எனக்கென்ன தெரியும், டிரைவருக்குத் தெரியும்.” அதற்கு மேல் கேட்டால் செய்தி எங்களுக்கு முன்னால் சிங்கப்பெருமாள் கோவில் போய்ச் சேர்ந்துவிடும்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெருங்களத்தூர் தாண்டி, வண்டலூர் தாண்டி. பெட்ரோல் பங்க் வந்தால் எதிர்ப்பக்கம் மண்டபம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மழை தூறி நின்றிருந்தது. ஜி.எஸ்.டி. ரோடு நனைந்து, எண்ணெய் பூசிய முதுகு மாதிரி பளபளத்தது. வெளியூர் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு மந்தை மந்தையாகத் தெற்கே போயின. பெரியவை, தோள் உரசிக்கொண்டு, ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டு. நான் அவற்றுக்கு நடுவில், முட்டை திருட வந்த சின்ன மிருகம் போல ஓரமாக ஓடினேன். கொஞ்ச தூரம் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், அப்படியே கடல் வரை போய்விடலாம் போல இருந்தது.

ஊரப்பாக்கத்தில் கனவு கலைந்தது. ஒரு பங்க். எதிரே ஒரு மகால். வாசலில் தெர்மோகோல் எழுத்து: கார்த்திக், நிவேதா. நடுவில் ஒரு இதயம்.

எங்கள் மேலட்டையில் இருந்த அதே இரண்டு பெயர். உள்ளே போய் ஒரு ஆளிடமாவது கேட்டிருக்க வேண்டும். ஒரு பல் கிடைத்தால் முழு மிருகத்தையும் வரைந்துவிடுகிறவன் நான். வண்டியைத் திருப்பினேன்.

வேறு மிருகத்தின் தலை

ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கினோம். கோமதி அரக்குப் பட்டு, கையில் சீர்த்தட்டு. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். கல்கண்டு எடுத்துக்கொண்டோம். முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்தோம். ஒரு அம்மா என்னிடம் வந்து, “காபி சாப்ட்டீங்களா?” என்றார். சாப்பிட்டேன். நல்ல காபி.

“என்னங்க” என்றாள் கோமதி உதட்டை அசைக்காமல்.

“ம்?”

“எங்க சொந்தத்துல ஒரு முகம் கூட இல்ல.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா இருக்கும்.”

“மணையில உக்காந்திருக்கிற பொண்ணும் மாப்பிள்ளை வீடா?”

பார்த்தேன். வேறு நிவேதா. அந்த வயதுப் பிள்ளைகளில் பாதி நிவேதா, பாதி கார்த்திக் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரியான உடம்பில் வேறு மிருகத்தின் தலையை வைத்துவிட்டேன். பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்களே செய்த தவறுதான். ஆனால் அவர்கள் பக்கத்தில் பட்டுச் சேலையில் மனைவி இல்லை.

வெளியே ஓடி வந்தோம். நல்லவேளை, எங்கள் ஆட்டோக்காரர் டீ குடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“இன்னா சார், அதுக்குள்ள சாப்ட்டு வந்துட்டியா?”

“இது வேற கல்யாணம்பா.”

“எந்த மண்டபம்னு தெரியாமலா வூட்டாண்டேர்ந்து கெளம்புன?” என்று கோமதியைப் பார்த்தார். “இன்னாக்கா இது, பேஜாரா கீது.”

“பெட்ரோல் பங்க் எதிர்ல, மகால்னு முடியும். இதே ரோடுதான்” என்றாள் கோமதி. கண் நிறைந்துவிட்டது. “எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம்பா. நான் போய் விளக்கேத்தணும்.”

அவர் டீயைக் கீழே ஊற்றினார். “ஏறுக்கா. கூடுவாஞ்சேரில ஒண்ணு கீது. அது இல்லன்னா மறைமலை நகர். அதுவும் இல்லன்னா செங்கல்பட்டு வரைக்கும் போவோம், வா.”

அந்தப் பயணத்தில் நான் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை. கோமதி தட்டை மடியில் அணைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு வருஷம் அவள் திறந்து பார்த்த கேட் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

கூடுவாஞ்சேரி. பங்க். எதிரே மகால். வாசலில் மச்சான், பட்டு வேட்டியில், சாலையைப் பார்த்தபடி. மணி ஏழு பத்து. உள்ளே ஐயர் அவசரப்படுத்துகிற குரல் வெளியே வரை கேட்டது. மேடையில் குத்துவிளக்கு, திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, ஏற்றாமல் நின்றது.

“வா” என்றார் தங்கையிடம். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

என்னிடம் மட்டும், “ஏன் லேட்டு?” என்றார்.

“டிராஃபிக், மச்சான்.”

“ஞாயித்துக்கிழமை காலையிலயா?”

“சரிங்க மச்சான்” என்றேன்.

கோமதி விளக்கை ஏற்றினாள். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது பிடித்துக்கொண்டது.

துண்டுக்கு அடியில்

பத்து நாள் கழித்து மணமக்களை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தோம். மச்சானும் வந்தார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக எங்கள் வீட்டில் கை நனைக்கப் போகிறார்.

திராவிடோசாரஸை எங்கே ஒளிப்பது? அதற்கு நான் இன்னும் வண்ணம் பூசவில்லை. தூரிகையை எடுத்தால் மச்சான் பெயர் மேல் எப்படிப் பூசுவது என்று கை வரவில்லை. பரணில் இடமில்லை. கடைசியில் பின்பக்கம் வாஷிங் மெஷின் மேல் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாப்பாடு அமோகமாக நடந்தது. மச்சான் வத்தக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கோமதி அடுப்படிக்கும் மேஜைக்கும் பறந்துகொண்டிருந்தாள். மணமக்கள் பாயசத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். மச்சான் கை கழுவப் பின்பக்கம் போனார். கை கழுவுகிற மனிதர் அடுத்து என்ன தேடுவார்?

துண்டை எடுத்தார்.

நான் போவதற்குள் அவர் கையைத் துடைத்தபடி குனிந்து படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. கோமதி கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

“இது நான் குடுத்த பத்திரிகைதானே?”

“ஆமா மச்சான்.”

“எப்ப வெட்டின? கல்யாணத்துக்கு அப்புறமா, முன்னாடியா?”

‘அப்புறம்’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. என் நாக்கு அதைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தது. கோமதியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“முன்னாடி, மச்சான். தெரியாம நடந்தது. என் வேலைதான். அவளுக்குச் சம்பந்தமில்ல.”

அவர் துண்டை மடித்தார். திரும்பவும் மடித்தார்.

“அதான் லேட்டா?”

“அட்ரஸ் பாதிதான் மிச்சம் இருந்துச்சு. ஊரப்பாக்கத்துல வேற கல்யாணத்துல போய் உக்காந்துட்டோம். காபி கூடக் குடிச்சோம்.”

“ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா உங்களுக்கு வருத்தமாயிடும்னு இவ கேக்கவே விடல. செங்கல்பட்டு வரைக்கும் மண்டபம் மண்டபமா ஏறி இறங்கிடலாம்னுதான் கிளம்பினோம்.”

மச்சான் தங்கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மிருகத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“சம்பந்தி பேரு கழுத்துல இருக்கு. என் பேரு எங்க?”

“இடுப்பு மேல, மச்சான். இருக்கிறதுலயே பெரிய தகடு அதான்.”

“இடுப்புன்னா பின்பக்கம்தானே.”

“அப்படி இல்ல மச்சான், அது ரொம்ப முக்கியமான…”

“பொண்ணைப் பெத்தவன் நான். என்னைப் பின்னாடி நட்டு வைச்சிருக்க. வீட்டை ரிஜிஸ்டர் ஆபீஸுன்ன அதே வாயி, அதே கையி.”

ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவரே சொன்னது அப்போதுதான்.

“அதுவும் தப்பு மச்சான், இதுவும் தப்பு” என்றேன். கூடச் சேர்க்க ஒரு ஜோக் நாக்கு நுனியில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

“முன்னாடி மாத்து.”

“மச்சான், சாஸ்திரப்படி கழுத்துல சின்னத் தகடுதான் வரும். இவ்வளவு பெரிசு வைச்சா…”

“மாத்துன்னு சொன்னேன், மாப்ள.”

மாப்ள என்றார். நான் போய் பிளேடு எடுத்து வந்தேன்.

இடுப்பிலிருந்து பெரிய தகட்டைக் கீறி எடுத்தேன். கழுத்தில் பசை வைத்து நட்டேன். உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரரும் பார்த்தால் மயக்கம் போட்டு விழும் மிருகம் அது. தலைக்குப் பின்னால் விசிறி விரித்த மாதிரி, ‘சி. தனபால்’ என்று.

“அழுத்திப் பிடிக்கணும்” என்றேன்.

நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் அவரே விரலை வைத்தார். ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணிய தடித்த விரல்.

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு நிமிஷம் ஆகும் மச்சான்.”

வாஷிங் மெஷினின் இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு கழுத்து. பின்கட்டு வெயில் எங்கள் கைமேல் விழுந்தது.

“இது என்ன சாப்பிடும்?” என்றார் மச்சான்.

“இலை தழைதான்.”

“சைவமா?”

“சுத்த சைவம்.”

“பரவால்ல.” கொஞ்சம் யோசித்தார். “வீட்ல அந்த முன்தூண்ல விரிசல் விட்டிருக்கு. ஒருநாள் வந்து பாரேன்.”

“வரேன் மச்சான்.”

“வந்து ஏதாவது சொல்லிவைக்காத.”

“இல்ல மச்சான்.”

“காய்ஞ்சிடுச்சா?”

நான் வாங்குகிற பசை அரை நிமிஷத்தில் கல்லாகிவிடும். எப்போதோ காய்ந்திருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பசையோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய கோமதி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னும் ஈரமா இருக்குண்ணா” என்றாள். “கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ.”